வேம்புலி மாற்றிய போகிகள்

முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால், சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் ஒரு வார்ப்படக் கம்பெனி இருந்தது. அதற்கு முன்னால் அந்த நிலம் போர்க் காலத்து ராணுவக் கிடங்கு. கிடங்கு போன பிறகும் அதன் தண்டவாளம் அப்படியே கிடந்தது. கம்பெனிக்காரர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. அதன்மேல் வண்டியை மட்டும் ஓட்டினார்கள். வாசலிலிருந்து ஷெட்டுகள் வெகு தூரம் உள்ளே இருந்ததால், ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு சின்ன டீசல் எஞ்சின் இரண்டு பழைய பெட்டிகளில் ஆட்களை அடைத்து இழுத்துக்கொண்டு போகும். ஏலத்தில் எடுத்த பெட்டிகள். வெள்ளைக்காரன் காலத்திலேயே கிழடு தட்டியவை.

வேம்புலி அந்த வண்டி ஷெட்டில் பிட்டர். அவன் அப்பாவும் அம்மாவும் திருமுல்லைவாயில் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் அவன்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. டீக்கடையில் நின்றாலும் சத்தமாகத்தான் பேசுவான். தன்னால் சரிசெய்ய முடியாத சாமான் ஒன்று உலகத்தில் இருப்பதாக அவன் ஒப்புக்கொண்டதே இல்லை.

அவன் பெண்டாட்டி நாகவல்லி மாங்காட்டுப் பெண். அதே கம்பெனியில் கோர் ஷாப்பில் வேலை பார்த்தாள். கோர் என்பது மணலில் எண்ணெய் விட்டுப் பிசைந்து, அச்சில் அழுத்தி, அடுப்பில் சுட்டு எடுக்கும் உருவம். இரும்பை ஊற்றும்போது வார்ப்புக்குள் எங்கே வெற்றிடம் வேண்டுமோ அங்கே இதை வைப்பார்கள். பார்த்தால் கல் மாதிரி இருக்கும்; கொஞ்சம் அதிர்ந்தால் பிஸ்கட் மாதிரி உடையும். அதைச் செய்வது முழுக்கப் பெண்கள். செய்த கோர்களை வைக்கோல் பரப்பிய திறந்த வண்டிகளில் ஏற்றி, அதே தண்டவாளத்தில் வார்ப்பு ஷெட்டுக்கு அனுப்புவார்கள். போய்ச் சேருவதற்குள் பாதி உடைந்துவிடும். மறுபடியும் செய்வார்கள். கோர் ஷாப்பில் வேலை குறையாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1984இல் நாகவல்லி உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது, குளத்தை ஒட்டிய வளைவில் பெட்டி தூக்கிப் போட்டது. எல்லா நாளும் தூக்கிப் போடுகிற வளைவுதான். அன்றைக்கு அவள் பலகையிலிருந்து நழுவிக் கீழே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த கெங்கம்மாள், கோர் ஷாப்பிலேயே மூத்தவள், அவளைத் தூக்கி நிறுத்தினபோது சேலையில் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கைகழுவிக்கொண்டே சொன்னாள்: “வண்டி குலுக்கினதாலதான் போச்சுன்னு சொல்ல முடியாது. இதுக்குப் பல காரணம் இருக்கும்.”

வேம்புலி அதைக் காதில் வாங்கவில்லை. நாகவல்லி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“அந்த வண்டிதான்டி. எனக்குத் தெரியும். அத்த நான் உடமாட்டேன்,” என்றான் அவன்.

“நீ இன்னா, வண்டியப் போட்டு அடிக்கப் போறியா?” என்றாள் அவள், திரும்பாமலே.

அடிக்கத்தான் போனான். மறுநாளே பெட்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் இருந்த போகியை வெளியே இழுத்தான். ஊரில் பெட்டியையே போகி என்பார்கள். ஷெட்டில் போகி என்றால் பெட்டியின் அடியில், சக்கரங்களையும் அச்சுகளையும் பிடித்து வைத்திருக்கும் இரும்புச் சட்டம். அச்சின் இரு முனைகளிலும் ஒவ்வொரு டப்பா. டப்பாவுக்குள் அச்சின்மேல் உட்காரும் பித்தளை பேரிங். டப்பாவின் தலையில் தடித்த பட்டை ஸ்பிரிங், அதன்மேல் மொத்த பாரமும். அந்தப் பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. தண்டவாளத்தில் ஒரு கல் இடறினாலும் அது ஸ்பிரிங்கில் நிற்காமல் நேராகப் பலகையில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் போகும். போதாததற்கு, தண்டவாளம் ஒரு பக்கம் சரிந்தால் டப்பாவும் சரியும். பித்தளையின் ஓரம் அச்சைக் கடிக்கும். சூடேறிப் புகை வரும்.

ஷெட்டில் பாஸ்கரன் என்று ஒரு இன்ஜினீயர் இருந்தான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், புதிதாகச் சேர்ந்தவன். அவனும் வேம்புலியும் சேர்ந்து அந்தப் போகியில் கைவைத்தார்கள். முதல் தடவை வேம்புலி பாஸ்கரன் பேச்சைக் கேட்கவில்லை. பட்டை ஸ்பிரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய லாரிகளிலிருந்து எடுத்த சுருள் ஸ்பிரிங்குகளை வைத்தான்.

“சுருள் மட்டும் வச்சா ஆட்டம் நிக்காது வேம்புலி. பட்டைங்க ஒண்ணோடொண்ணு உரசுறதுலதான் ஆட்டம் அடங்கும்,” என்றான் பாஸ்கரன்.

“நீ சும்மா இரு சார். நான் பாத்துக்கிறேன்.”

ஓட்டிப் பார்த்த அன்று பெட்டி படகு மாதிரி ஆடியது. ஆடினது நிற்கவேயில்லை. ஏறிய ஆட்களில் பாதிப் பேர் சன்னல் வழியே வாந்தி எடுத்தார்கள். “மெரினாவுக்குக் கூட்டிகினு போறான்டா மாமே!” என்று கத்திச் சிரித்தார்கள். வேம்புலி ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். பட்டைகளைக் கழற்றித் துருவெடுத்து, எண்ணிக்கையைக் குறைத்து, கிரீஸ் தடவித் திரும்பக் கட்டினார்கள். பட்டையின் இரு நுனிகள் தொங்கும் இடத்தில் மட்டும் சின்னச் சுருள்களை வைத்தார்கள். பேரிங்கின் மேல் பாரம் இறங்கும் தட்டையான தாங்கியை எடுத்துவிட்டு, உருண்டையான முதுகுள்ள தாங்கி ஒன்றைக் கடைந்து வைத்தார்கள். டப்பா எந்தப் பக்கம் சரிந்தாலும் பித்தளை அச்சில் படிந்தே உட்கார்ந்தது. அந்த உருண்டை முதுகு வேம்புலியின் யோசனை. பட்டையும் சுருளும் பாஸ்கரனுடையது. பின்னாளில் எல்லாமே தன்னுடையது என்று வேம்புலி சொன்னான். அதைக் கேட்டு மறுக்க பாஸ்கரன் அங்கே இல்லை.

மறு வருஷம் பெட்டிகள் புதுப் போகிகளில் ஓட ஆரம்பித்தன. நாகவல்லி மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதல் நாள், குளத்து வளைவு வரப்போகிறது என்று தெரிந்து அவள் இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவ்வளவுதான்.

“வளைவு வர்ல இன்னும்?” என்று கேட்டாள்.

“அது போயி எவ்ளோ நேரம் ஆச்சி! சும்மா சொல்லக் கூடாது, உன் ஊட்டுக்காரன் கெட்டிக்காரன்தான்டி,” என்றாள் கெங்கம்மாள்.

நாகவல்லி அன்றைக்குச் சாயங்காலம் கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். குழந்தை போனதற்குப் பிறகு அந்த வீட்டில் கறி எடுத்தது அதுதான் முதல் தடவை. அவன் தட்டில் போட்டுக்கொண்டே, “சோக்காதான் கீது,” என்றாள். குழம்பைச் சொன்னாளா வண்டியைச் சொன்னாளா என்று அவன் கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கும் நன்றாக இருந்த காலம் என்றால் அந்தச் சில மாதங்கள்தான்.

மேனேஜர் சண்முகசுந்தரம் ஒருநாள் ஷெட்டுக்கு வந்தார். பெட்டியில் ஏறி வாசல்வரை போய்த் திரும்பினார். இறங்கியதும் வேம்புலியின் தோளைத் தட்டினார்.

“பிரமாதம் வேம்புலி. இந்தப் போகிய கோர் வண்டிக்குப் போட்டா கோர் உடையாதுல்ல?”

“உடையாது சார். முட்டைய வச்சிகினு போலாம்.”

அந்தப் பதிலைச் சொல்லும்போது அவனுக்குப் பெருமையாக இருந்தது. அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

பொங்கல் விடுமுறையில் அவனை மட்டும் வரச் சொன்னார்கள். பெட்டிகளின் போகிகளைக் கழற்றிக் கோர் வண்டிகளுக்கு மாட்ட வேண்டும். கோர் வண்டிகளின் ஸ்பிரிங் இல்லாத பழைய கட்டைப் போகிகளைப் பெட்டிகளுக்கு மாட்ட வேண்டும்.

பாஸ்கரன் மேனேஜர் அறையில் சண்டை போட்டான். “சார், அது ஜனங்களுக்காகப் பண்ணினது. கோர் வண்டிக்குத் தனியாப் பண்ணிக் கொடுக்கிறோம், கொஞ்சம் டைம் கொடுங்க.”

“ஆர்டர் காத்திருக்கு பாஸ்கரன். முதல்ல கோர். ஆளுங்களுக்கு அப்புறம் பண்ணலாம். இத்தனை வருஷம் அதுலதானே போனாங்க?” மேனேஜர் வேம்புலி பக்கம் திரும்பினார். “உன்னை பிட்டர்லேருந்து சார்ஜ்மேன் ஆக்கச் சொல்லி எழுதிட்டேன். நீ என்ன சொல்றே?”

வேம்புலி தரையைப் பார்த்தான். “அப்பால ஆளுங்களுக்கும் பண்ணிக் குடுக்கணும் சார்,” என்றான்.

“கண்டிப்பா.”

போகிகளை அவனே கழற்றினான். அவனே மாட்டினான். வீட்டில் சொல்லவில்லை. விடுமுறை முடிந்த காலை, நாகவல்லி பலகையைப் பிடித்துக்கொள்ளாமல் கெங்கம்மாளோடு பேசிக்கொண்டே போனாள். வளைவில் பெட்டி தூக்கிப் போட்டதில் அவள் நெற்றி எதிர்ப் பலகையில் மோதியது.

சாயங்காலம் நெற்றியில் வீக்கத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

“யார் கழட்டனது?”

“மேனேஜர் சொன்னாரு...”

“மேனேஜர் ஸ்பானர் புடிச்சாரா? யார் கழட்டனதுன்னு கேட்டேன்.”

“நான்தான். கொஞ்ச நாளு. அப்பால நமக்கும் பண்ணிடுவேன்.”

“நான் பண்ற மண்ணு உடையக் கூடாதுன்னு அதுக்கு மெத்த போட்ட. என் வயித்துல இருந்தது உடஞ்சதே, அது மறந்துபோச்சா உனக்கு?”



ஆட்களின் பெட்டிகளுக்கும் போகி செய்ய வேம்புலி ஆபீசில் இரும்பு கேட்டான். அடுத்த மாதம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமானை வைத்துத் தானே செய்துகொள்வதாகச் சொன்னான். பெட்டிகளையே எடுத்துவிட்டு பஸ் விடப்போகிறோம், எதற்கு வீண் வேலை என்றார்கள். பஸ் வரவில்லை. பாஸ்கரன் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்போது வேம்புலியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கோர்கள் உடையாமல் போய்ச் சேர்ந்தன. வேம்புலி சொன்னது சரிதான், முட்டையை வைத்துக்கொண்டு போகலாம். உடையாததால் மறுபடி செய்ய வேண்டியிருக்கவில்லை. மறுபடி செய்ய வேண்டாததால் கோர் ஷாப்பில் அத்தனை பெண்கள் வேண்டியிருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் சூப்பர்வைசர் பாதிப் பெண்களைத் தனியாக நிற்கவைத்து, திங்களிலிருந்து வரவேண்டாம் என்றார். நிரந்தரம் ஆகாதவர்கள் எல்லாரும். கெங்கம்மாளும் நாகவல்லியும் அதில் இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண்கள் வேலிக்குள் நுழைந்து குளத்து வளைவில் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்தார்கள். கோர் வண்டியை இழுத்து வந்த எஞ்சின் தூரத்திலேயே நின்றது. யூனியன்காரர்கள், தற்காலிக ஆட்கள் தங்கள் உறுப்பினர்கள் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சண்முகசுந்தரம் வேம்புலியைக் கூப்பிட்டார்.

“போலீஸ் வந்தா உன் சம்சாரத்தையும் சேர்த்துத்தான் தூக்குவாங்க. நீயே போய்ப் பேசு. நல்லதுக்குச் சொல்றேன்.”

சார்ஜ்மேனின் காக்கிச் சட்டை அவன் உடம்பில் புதிதாக விறைத்துக்கொண்டிருந்தது. அவன் தண்டவாளம் ஓரமாக நடந்து வந்தான்.

“வந்துட்டாருடி, போகி ஆபீசரு,” என்றாள் கெங்கம்மாள். “இன்னா நைனா, எங்கள எந்திரிக்கச் சொல்லி அனுப்புனாங்களா?”

“அக்கா, போலீஸ் வரும்க்கா. பேஜாராப் பூடும். மேனேஜர்கிட்ட நான் பேசறேன்.”

“நீ பேசனதாலதான் நாங்க இங்க குந்திகினு கீறோம்.”

அவன் நாகவல்லியின் முன்னால் போய் நின்றான். அவள் தண்டவாளத்தில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரி.”

“நீயும் குந்து,” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம்கூட விட்டாள். “குந்துய்யா. நீ குந்துனா ஷெட்டு ஆளுங்க எல்லாம் வந்து குந்துவாங்க.”

வேம்புலி திரும்பிப் பார்த்தான். எஞ்சின் பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். ஷெட்டு ஆட்கள் அவருக்குப் பின்னால் கும்பலாக நின்று, இவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். வேலை போகும்; மறுபடி அப்பா அம்மாவின் நாற்றங்காலுக்குப் போக வேண்டியதுதான். அந்த நாற்றங்கால்களும் அப்போது வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்தன.

“எந்திரின்னு சொல்றேன்ல,” என்று கத்தினான்.

அவள் எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவனைச் சுற்றிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கெங்கம்மாள் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். அவளைப் போலீஸ்தான் வந்து தூக்கியது.

நாகவல்லி வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே பஸ் ஏறி மாங்காட்டுக்குப் போய்விட்டாள். அவன் இரண்டு முறை போய்க் கூப்பிட்டான். இரண்டு முறையும் அவள் அம்மா தாயம்மாள்தான் வெளியே வந்து, “தூங்குது,” என்றாள். நடுப்பகலில். அதன் பிறகு அவன் போகவில்லை. ஆள்விட்டும் கேட்கவில்லை. அவளாக வருவாள் என்று ஷெட்டில் சொல்லிக்கொண்டிருந்தான். சில வருஷங்களுக்குப் பிறகு அதையும் நிறுத்திவிட்டான்.

அவள் அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் சேர்ந்தாள். பிறகு அங்கேயே செக்கிங்கில் பெண்களை மேய்க்கும் வேலைக்கு வந்தாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனும் செய்துகொள்ளவில்லை. அதை யாரும் பெரிய விசுவாசம் என்று சொல்லவில்லை. அவனுக்கு யாரும் பெண் தரவில்லை.

1993இல் வார்ப்படக் கம்பெனி கோர் வேலையை வெளியே கொடுத்தது. கோர்கள் லாரியில் வர ஆரம்பித்தன. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். வண்டிகளைப் பழைய இரும்புக்குப் போடும்போது கேஸ் கட்டர் பிடித்த ஒப்பந்த ஆட்களை மேற்பார்வை பார்க்க வேம்புலியைத்தான் நிறுத்தினார்கள். நின்றான்.

அதற்கடுத்த வருஷம் தாயம்மாள் செத்துப்போனதாகத் தகவல் வந்தது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் போனான். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாகவல்லிக்கு முன்தலை நரைத்திருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனிப் பெண்கள் அவளைச் சுற்றி இருந்தார்கள். அவனைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்தாள்.

“வாங்க. உக்காருங்க,” என்றாள். பந்தலுக்கு வந்த எல்லாரையும் கூப்பிட்ட அதே குரலில்.

அவன் உட்கார்ந்தான். “அந்த வண்டியெல்லாம் கழிச்சிட்டாங்க,” என்றான்.

“அப்டிங்களா,” என்றாள் அவள். அதற்குள் பின்னால் யாரோ வந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து, “வாங்க. உக்காருங்க,” என்று நகர்ந்து போனாள்.

எடுத்துப் போகும்வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். பாடையைத் தூக்கும்போது தோள் கொடுக்க எழுந்தான். அவள் சித்தப்பா மகன் ஒருவன் குறுக்கே வந்து, “இருக்கட்டும் அண்ணாத்தே, ஆளு கீறாங்க,” என்று மெதுவாக அவனை விலக்கினான்.