பின் சீட்டில் மாமா

என் அக்காவைக் கட்டியவர் பெரிய வண்டி மெக்கானிக். தாழ்ந்த சீட்டும் கனத்த உடம்புமாக வரும் க்ரூஸர் மோட்டார் சைக்கிள்களைத் தவிர வேறு எதையும் அவர் பட்டறைக்குள் விடமாட்டார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அவர் சொல்வதுதான் அந்தப் பக்கத்தில் வேதவாக்கு. அவருக்கு வாயும் கொஞ்சம் நீளம். வண்டிகளைப் பற்றிப் பேசினால் சம்பந்தி வீட்டு ஆட்களைப் பற்றிப் பேசுவது மாதிரியே இருக்கும்.

அக்காவும் அவரும் எங்கே போனாலும் வண்டியில்தான் போவார்கள். காரில் ஏறினால் அவளுக்குத் தெருமுனை தாண்டுவதற்குள் குமட்டும். அவளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு வண்டிப் பயணத்துக்கும் முற்றுப்புள்ளி விழுந்தது. வண்டியில் போகலாம், ஆனால் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்த பழைய வண்டியின் பின் சீட்டு உயரம், அவளால் காலைத் தூக்கிப் போட முடியாது. டாக்டர் கட்டச் சொன்ன முதுகுப் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பட்டறைக்கு ஒரு வண்டி விலைக்கு வந்தது. நீளமாக, தரையோடு தரையாக, காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற வகை. மாமா ஓட்டிப் பார்த்துவிட்டு, சாய்வு நாற்காலி தோற்றுப்போகும் என்று பூரித்துப்போய் அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. அக்கா இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

"இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று ஒரே போடாகப் போட்டாள்.

எங்கே வலித்தது என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் பட்டறைக்கு என்னை வரச் சொன்னார். போனால், அக்காவின் மாற்றுப் பெல்ட்டைத் தன் தொப்பையைச் சுற்றி இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒட்டும் பட்டை எட்டவில்லை. சணல் கயிறு வைத்து முடிச்சுப் போட்டார்.

"இத்தனை வருஷமா முன்னாடி உக்காந்தே தீர்ப்புச் சொல்லிட்டு இருந்திருக்கேன் மாப்ள. நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காறேன்."

பெல்ட் கட்டினால் குனிய முடியாது, வளைய முடியாது. அக்கா எப்படி உட்காருவாளோ அப்படித்தான் உட்கார்ந்தாக வேண்டும். அவரைச் சுமந்துகொண்டு நான் போனதைப் பார்த்து டீக்கடையே எழுந்து நின்று சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அவருக்கு அந்தக் கவலையே இல்லை.

முதலில் அந்த நீள வண்டி. நேர்ச்சாலையில் பட்டு மாதிரி போனது. பள்ளம் வந்தால் பின்னால் இருக்கிறவருக்கு நடுமுதுகில் இடி. திருப்பங்களிலோ அது ஊரையே சுற்றிக்கொண்டு திரும்பியது. அடுத்து, பெட்டியும் முதுகுச் சாய்வும் வைத்த பெரிய வண்டியை அதன் சொந்தக்காரரிடம் கேட்டு எடுத்துப் போனோம். குலுக்கல் இல்லை, தூக்கம் வரும். ஆனால் சீட்டு அகலம். அவள் இடுப்பு அவ்வளவு விரியாது என்றார் மாமா. நெரிசலில் மெதுவாகப் போகும்போது அதன் கனத்தில் நானே ஒரு பக்கம் சாயப் பார்த்தேன். மூன்றாவது, பட்டறையிலேயே விற்பனைக்கு நின்ற, கால் வைக்கும் இடம் நடுவில் இருக்கிற சின்ன க்ரூஸர். சந்துகளில் சொன்ன பேச்சைக் கேட்டது. பின் ஸ்பிரிங் மட்டும் கல்.

"ஸ்பிரிங்கை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார் என்றால் சும்மா இல்லை. ஸ்பிரிங்கை மாற்றுவார், என்னை ஓட்டச் சொல்லிப் பின்னால் ஏறுவார், அதே வேகத்தடைக்குப் போவோம், உதட்டைப் பிதுக்குவார், திரும்பவும் கழற்றுவார். சீட்டுப் பஞ்சையும் பிரித்துத் தைக்கக் கொடுத்தார். எனக்குச் சலித்துவிட்டது, அவருக்கு மட்டும் சலிக்கவில்லை.

டீக்கடைச் சிரிப்பு அக்கா காதுக்குப் போகாமல் இருக்குமா? சின்ன வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினபோது அவள் கதவருகில் நின்றிருந்தாள். கையில் அந்த மாற்றுப் பெல்ட். இழுத்து இழுத்து அது தளர்ந்து தொங்கியது. மாமா திருடன் மாதிரி நின்றார். வா என்று கூப்பிடக்கூட அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"உங்களுக்கு எங்க வலிச்சுது?" என்று கேட்டாள்.

அவர் திரும்பி நின்று, கையைப் பின்னால் வளைத்து, இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்புக்கு இடது பக்கம் ஒரு விரலை வைத்தார்.

அக்கா அந்த விரல் மேல் தன் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"இங்கதான்" என்றாள். "எனக்கும் இதே இடந்தான்."

அப்புறம் மாமா முன்னால் ஏறி உட்கார, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காலைத் தூக்கிப் போட்டாள். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியும் வண்டி நிற்கவில்லை. நான் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.