ஆறாவது ஆளின் இடம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்து டயர் வெடித்து நிற்கிறது. பயணிகள் நாற்பத்திரண்டு பேர். நிழல் தரும் மரம் ஒன்றே ஒன்று. வெயில் எனக்கு ஆகாது. எதிரே இருக்கும் ஓலைக் கொட்டகைக்குப் போகிறேன். காவலாளி தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறார். நவீன நடனம் அமைக்கப் பழகும் இளைஞர்கள் இங்கே தங்கிப் பயிற்சி பெறுகிறார்களாம்.

உள்ளே ஐந்து பேர் ஆடுகிறார்கள். இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

“ஆறு பேரு ஆடணும். ஒருத்தனுக்குக் காலு பெசகிகிச்சு,” என்கிறார் காவலாளி. “தோ, நீலச் சட்டை போட்டுகினு நிக்குதே, அந்தப் பொண்ணு அமைச்ச ஆட்டம். மெட்ராஸ் மேடைக்கு எந்த ஆட்டம்னு இன்னிக்குத்தான் முடிவு பண்றாங்க. வேற ஆளப் போடுன்னா கேக்கல. அவன் எடம் காலியாவே இருக்கட்டும்னிச்சு.”

“ஒரு ஆள் குறைஞ்சா ஆட்டம் கெட்டுடாதா?”

“இன்னா பெருசு, வந்ததிலேர்ந்து எண்ணிகினே கீற. சும்மா பாரு.”

பார்க்கிறேன். இல்லாதவனை நால்வர் தூக்குகிறார்கள். அவன் கனத்தில் அவர்களுடைய முழங்கால்கள் மடங்குகின்றன. மெல்ல இறக்கி விடுகிறார்கள். அவன் ஓடுகிறான் போலும். ஐந்து தலைகளும் ஒன்றாகத் திரும்பி, அவன் கொட்டகைக்குள் சுற்றி எங்கள் பக்கம் வருவதைப் பின்தொடர்கின்றன. நீலச் சட்டைப் பெண் மூச்சை அடக்கி நிற்கிறாள்.

வெளியே பேருந்து ஹாரன் அடிக்கிறது. காவலாளி தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து வழி விடுகிறார். அவன் இடறிவிடக் கூடாதே என்று நானும் காலை மடக்கிக்கொள்கிறேன்.