கஸ்டர்டும் ரப்பர் வளையமும்

லேடி டாக்டர் என் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தார். எடைக் கருவியில் ஏறச் சொல்லி, இறங்கச் சொன்னார். பிறகு பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "அன்ஃபிட்" என்றார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெங்களூருக்கு வெளியே புதிதாக வந்திருந்த டெலிபோன் தொழிற்சாலையில் பெண்களையும் வேலைக்கு எடுக்கிறார்கள் என்ற செய்தி கன்டோன்மென்ட் முழுக்கப் பரவியிருந்தது. தலைமுடி கனத்துக்கு இருக்கும் கம்பிகளைச் சிக்கல் இல்லாமல் பிரித்துக் கோக்க வேண்டும். அதுதான் கைவேலைப் பரீட்சை. அன்று வந்தவர்களில் முதலில் முடித்தவள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. விரல்கள் ஜெயித்த இடத்தில் உடம்பு கவிழ்த்துவிட்டது.

"உடம்புல ரத்தமே இல்லையேம்மா. மூணு மாசம் கழிச்சு வா. அப்பவும் இப்படியே இருந்தா அந்த இடத்தை வேற பொண்ணுக்குக் கொடுத்துடுவாங்க" என்றார் டாக்டர்.

எனக்கு அந்த வேலை வேண்டும். காலையில் தொழிற்சாலை பஸ் எங்கள் ஆஸ்டின் டவுன் முனையில் வந்து நிற்கும்போது, நீலக் கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு மூன்று பெண்கள் அதில் ஏறுவார்கள். தெருவே நின்று பார்க்கும். எங்கள் சந்திலிருந்து அதில் ஏறும் முதல் பெண்ணாக நான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா ஒரு மிலிட்டரி துரையின் பங்களாவில் பட்லராக இருந்தவர். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு, மேஜைக்குப் பின்னால் ஆடாமல் நிற்கும் முதுகு. துரை கப்பல் ஏறிய பிறகு பெரிய வீடுகளின் பார்ட்டிகளுக்குக் கட்லெட்டும் புட்டிங்கும் செய்து கொடுத்துக் காலம் ஓட்டினார். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். வீட்டு அடுப்பும் நைனாவின் ராஜ்யம்தான்.

நான் வந்து சொன்னதும் அவர் முகம் இருண்டுவிட்டது. அம்மாவின் கடைசிப் பிரசவத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதும் இதே 'ரத்தம் இல்லை'தான். ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "மூணு மாசம் போதும். துரைசானி காய்ச்சல்ல கெடந்தப்போ நான்தான் எழுப்பி உக்கார வெச்சேன். நீ படுத்துக்கோ, கண்ணு" என்றார்.

அதிலிருந்து ஆரம்பித்தது வைத்தியம். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. பத்து மணிக்குப் பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்ட். மத்தியானம் வெள்ளை சாஸில் மிதக்கும் உருளைக்கிழங்கு ஸ்டூ. சாயங்காலம் பார்ட்டியில் மிஞ்சிய பிரெட் புட்டிங். துரைமார்கள் எதைத் தின்று சிவப்பாக இருந்தார்களோ அதையே நானும் தின்றால் சிவந்துவிடுவேன் என்பது அவர் கணக்கு. எங்கள் சந்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் பங்களாக்களில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கும் இதில் சந்தேகமே இல்லை. கூடவே ஒரு கட்டளை: வெயிலில் தலை காட்டக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது. "வெயில்ல சுத்தினா இருக்கற ரத்தமும் சுண்டிப் பூடும்" என்பார்.

கன்னம் உப்பியது. பக்கத்து வீட்டுக்காரர்கள், "பொண்ணு நல்லா தேறிக்கினு வருது" என்று நைனாவிடம் சொல்ல, அவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு உள்ளே நடப்பது தெரியும். கஸ்டர்டைக் கண்டாலே குமட்டியது. ஒரு நாள் அவர் இல்லாத நேரம் பார்த்துக் குழாயடிக்குப் போய் ஒரு குடம் தூக்கினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் கொடுத்த மூன்று மாசத்தில் ஒரு மாசம் ஓடிவிட்டிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அந்தக் கோபத்தில்தான் அல்சூருக்கு நடந்தேன். என்னோடு அன்றைக்கே 'அன்ஃபிட்' வாங்கிய இன்னொருத்தி அங்கே தன் அக்கா வீட்டில் இருந்தாள். கோலார் தங்க வயலில் பிறந்தவள். அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். டாக்டர் அறைக்கு வெளியே நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கையில், "அழுவாதே, வுடு. ரெண்டு பேரும் சேந்தே ரத்தம் ஊற வெப்போம்" என்று சிரித்தவள் அவள்.

வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரைக் குழம்பு, சுட்ட கருவாடு. அந்த வாசனையில் எனக்கு வாயில் நீர் ஊறியது. அவள் கேட்கவே இல்லை. களியைப் பாதியாகப் பிட்டு இன்னொரு தட்டில் வைத்தாள். மென்று தின்னும் சமாச்சாரம் இல்லையே களி. குழம்பில் புரட்டி விழுங்க விழுங்க, வயிறு 'வா வா' என்றது. வாரக்கணக்கில் எனக்கு அப்படிப் பசித்ததே இல்லை.

சாப்பிட்டதும் அவள் ஆணியில் மாட்டியிருந்த சிவப்பு ரப்பர் வளையம் ஒன்றை எடுத்தாள். "ஆடுவியா?"

வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரை வரைக்கும் காலி இடம். இரண்டு மரங்களுக்கு நடுவே அவள் அக்காவின் துணி காயப்போடும் கயிறு. அதுதான் வலை. ரிங் டென்னிஸ் என்றால் வேறொன்றுமில்லை; எதிராளி எறியும் வளையத்தைத் தரையில் விழவிடாமல் ஒரு கையால் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். தங்க வயல் பள்ளிக்கூடத்தில் அவள் அதில் கெட்டிக்காரி. முதல் நாள் நான் பிடித்ததைவிட விட்டதுதான் அதிகம். கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிற்றில் கிடந்த அவள் அக்காவின் சேலையும் என்னோடு சேர்ந்து மண்ணில் வந்து விழுந்தது. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டில் படுத்துக் கிடந்த நாட்களில் மறந்தே போயிருந்த சிரிப்பு.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். அந்தக் காலத்தில் ஒரு பெண் சும்மா நடக்க முடியாது. ஆஸ்டின் டவுனிலிருந்து அல்சூர் வரைக்கும் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் "எங்கம்மா போறே?" என்று கேட்பார்கள். கையில் பை இருந்தால் யாரும் கேட்பதில்லை. அதனால் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டேன். பை எடுத்துப் போனவள் வெறும் பையோடு வர முடியுமா? ஏரிக்கரையில் விற்கும் அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாம் வந்து சேர்ந்தன. வழியில் கொய்யாப்பழம் வாங்கி மிளகாய்ப்பொடி உப்பு தொட்டுத் தின்றுகொண்டே வருவேன். உடம்பைத் தேற்றுவது என்றால் மருந்து குடிப்பது போல மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். இப்படிச் சிரித்துக்கொண்டும் தின்றுகொண்டும் செய்யலாம் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு சிவாஜிநகர் கறிக்கடைக்குப் போய் சுவரொட்டி வாங்கி வந்தேன். ஆட்டின் மண்ணீரல், ரத்தம் ஊற அதைவிட வேறில்லை என்று எங்கள் ஆட்களே சொல்வதுதான். நைனா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர் கோபத்தில் குதித்தார்.

"இதையா? துரை வூட்டு நாய்க்குப் போட்டதுடி இது! நாய்க்குப் போட்டதை எம் பொண்ணுக்கு நான் போடறதா?"

"துரை வூட்டு நாய் எப்படி இருந்திச்சி நைனா?" என்றேன்.

"அதுக்கு இன்னா, சிங்கமாட்டம் இருந்திச்சி."

அதைச் சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நானே கரியடுப்பில் சுட்டு, மிளகும் உப்பும் தூவித் தின்றேன். களி மட்டும் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறவில்லை. பங்களாவில் கேழ்வரகு, குதிரைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில்தான் வேகும். பட்லர் சமையல் அறைக்குள் அது வராது. அந்த மரியாதையை அவர் சொந்த வீட்டிலும் விடவில்லை. களியை நான் அல்சூரிலேயே தின்றுவிட்டு வந்தேன்.

ஆட்டத்தை எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? யாரோ அவரிடம், "உம் பொண்ணு ஏரிக்கரையில எகிறிக் குதிச்சிக்கினு இருக்கா" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு ஆட்டத்தில் இருந்தேன். அவள் என் தலைக்கு மேலே உயர எறிந்தாள். பின்னால் நகர்ந்து, எகிறி, ஒரு கையால் பிடித்தேன். அதுவரை நான் பிடித்ததிலேயே அதுதான் நல்ல பிடி. திரும்பிப் பார்த்தால் மரத்தடியில் நைனா.

"இன்னா கூத்து இது?" விறுவிறுவென்று என்னிடம் வந்தார். "மூணு மாசம் கெடுவு குடுத்திருக்காங்கோ. நீ இங்க ஆடி ஆடி உருக்கிக்கினு இருக்கியா? உங்கம்மாவும்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "நைனா, உங்க கஸ்டர்டு என் கன்னத்துலயே நின்னுடிச்சி. ரத்தத்துக்குப் போவல. அங்க ஒரு குடம் தூக்க முடியாம உக்காந்தேன். இங்க ஆடிட்டு நடந்தே வூட்டுக்கு வரேன்."

அவர் என்னைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். திரும்பி நடந்தார். அன்றோடு வீட்டில் கஸ்டர்ட் நின்றது. போகாதே என்றும் அவர் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அது எனக்குத் திட்டியதைவிட அதிகமாக வலித்தது.

கெடு முடிந்த நாளில் நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். எடைக் கருவியில் ஏறினேன். முள் பழைய இடத்தைவிடக் கொஞ்சம்தான் நகர்ந்தது. கஸ்டர்ட் போட்ட ஊதல் வடிந்திருந்ததே! டாக்டர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். இமையை இழுத்தார். நகத்தைப் பார்த்தார். வெளிப்படியில் ஏறி இறங்கி வரச் சொன்னார். நான் ஓடியே போய் ஓடியே வந்தேன். மூச்சு வாங்குவதை அடக்கி மறைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"என்ன டானிக் சாப்பிட்டே?"

"ராகிக் களி, மேடம். கீரை. அப்புறம் ரிங் டென்னிஸ்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நர்ஸிடம் சொன்ன வார்த்தை எனக்கும் கேட்டது. "ஃபிட்." பின்னாலேயே போன என் சிநேகிதிக்கும் அதே வார்த்தை. பிற்பாடு அந்தத் தொழிற்சாலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பெண்களுக்கு முதன்முதலில் ரிங் டென்னிஸ் வலை கட்டியவர்கள் நாங்கள் இருவர்தான். துணி காயப்போடும் கயிறு இல்லை, நிஜமான வலை.

சந்துக்குள் நுழையும்போதே நைனா வாசலில் நிற்பது தெரிந்தது. துவைத்துப் பெட்டி போட்ட அந்த வெள்ளைக் கோட்டு. பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தன. துரை போன பிறகு அவர் அதை வீட்டில் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஃபிட், நைனா" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நாற்காலியைப் பின்னால் இழுத்து எனக்காகப் பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, நாப்கினை விசிறியாக மடித்து வைத்திருந்தார். துரைசானி போகும்போது கொடுத்த நீலக்கரைப் பீங்கான் தட்டின் மேல் ஒரு மூடி. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையால் மூடியைத் தூக்கினார்.

கேழ்வரகுக் களி. புட்டிங்கை அச்சில் வார்த்தது போல ஒரு கட்டி இல்லாத உருண்டை. பக்கத்துக் கிண்ணத்தில் முருங்கைக்கீரைக் குழம்பு. தட்டின் ஓரத்தில் சுவரொட்டித் துண்டுகள், துரைமார் மேஜைக்கு அடுக்குவது போல விசிறியாக.

களி கிண்டி, இப்படி உருட்டி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் பஸ்ஸில் திரும்பி வரும்போதே அடுப்பு பற்றியிருக்க வேண்டும்.

"நான் வந்து சொல்றதுக்கு முன்னாடியே ஆக்கிட்டீங்களா? பெயிலாகி வந்திருந்தா?"

"அன்னிக்கு ஏரிக்கரையில எகிறிப் புடிச்சியே, அதை நான் பாத்தேன். அதுக்கு மேல டாக்டரு இன்னாத்துக்கு சொல்லணும்?"

தட்டுக்கு இரண்டு பக்கமும் அவர் முள்கரண்டியும் கத்தியும் வைத்திருந்தார். அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டு, கையாலேயே களியைப் பிட்டேன். என் நைனா, துரைமார்களுக்கு நிற்பது போலவே முதுகு ஆடாமல், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "நீங்களும் உக்காருங்க" என்றேன். "பஸ்ல ஏறப்போறவ நீதானே, மொதல்ல நீ சாப்பிடு" என்று குழம்பை ஊற்றினார்.