பன்னிரண்டு செம்பு முனைகள்

அரியலூர் முதல்முறை தனி மாவட்டமாக இருந்த அந்தக் குறுகிய காலத்தில், 2001இல்தான் எங்கள் கார் ஷெட்டுக்கு மறுபடி ஒயரிங் செய்தோம். அப்பா காலமான பிறகு காரை விற்றுவிட்டோம்; ஷெட்டில் நெல் மூட்டைகளும் எலிகளும் இருந்தன. கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து இரண்டு வருடமாக எதையுமே கேட்காதிருந்த என் தங்கை, அந்த ஆவணியில் முதல்முறையாகக் கேட்டாள். ஷெட்டில் தையல் வகுப்பு நடத்த வேண்டும். விஜயதசமியன்று தொடங்குவதாகச் சொல்லி, வீடு வீடாகப் போய் ஏழு பெண்களைச் சேர்த்திருந்தாள்.

மூட்டைகளை அகற்றி விளக்கைப் போட்டதும் சுவரில் பொறி பறந்தது. எலி தோலுரித்த ஒயர். வெளியே ஓடி வந்தவள் மறுபடி உள்ளே போகவில்லை.

"எலி கடிக்காத ஒயரா போடுண்ணே. ஊரான் வூட்டுப் புள்ளைங்க உக்காரப் போற எடம்."

என் மனைவியின் அண்ணன் ஒரு சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரீஷியன். சூளைப் பக்கம் போடுகிற கேபிள் ஒன்று உண்டு என்றார். வெளியே செம்புக் குழாய், உள்ளே செம்புக் கம்பிகள், நடுவே இறுக்கி அடைத்த வெள்ளை மாவு. தீப்பிடிக்காது, கடித்தால் எலிக்குப் பல்தான் போகும். ஏலத்தில் எடுத்த மிச்சச் சுருள் ஒன்று அவரிடம் இருந்தது.

"ஒரே ஒரு கொணம் மாப்ள. இந்த மாவுக்குத் தண்ணின்னா உசுரு. முனைய வெட்டுனா அன்னைக்கே பித்தளை மூடி போட்டு அடைச்சுடணும். இல்லன்னா ஈரத்தக் குடிச்சுப்புடும். அப்பறம் கரண்டு உள்ளயே கசியும்."

இதை டைரியில் எழுதிவைத்தேன். நூலகத்தில் தேடிப் படித்து, அந்த மாவு மெக்னீசியம் ஆக்சைடு என்பதையும் குறித்துக்கொண்டேன். சுவரை மூன்று முறை அளந்தேன். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சாண் கூடுதலாக விடலாம் என்றார் மச்சான். சுருள் போதாது, என் அளவு தப்பாது என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

"புத்தகம் படிக்கிற மாப்ளைக்கு நான் என்னத்தச் சொல்ல" என்று சிரித்துக்கொண்டே என் கோட்டின் மேலேயே வெட்டினார்.

அது ஆயுத பூஜையன்று காலை; ஆலையில் லீவு கிடைக்காமல் அன்றுதான் அவரால் வர முடிந்தது. மதியத்துக்குள் ஆறு துண்டுகளும் சுவரில் ஏறிவிட்டன. முனைகளை அடைக்க உட்காரும்போது தங்கை பூஜைக்கு நேரமாகிவிட்டது என்றாள். மச்சான் எல்லாக் கருவிகளையும், மூடி இறுக்குகிற கருவி உட்பட, துடைத்து வாழையிலையில் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டோம்.

"காலைல வந்து மொத வேலையா அடைச்சுடறேன். கூரைக்குள்ளதான இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பூஜைக்குக் கிளம்பினார்.

தங்கை சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். மெஷின்கள், கத்தரிக்கோல், ஷட்டர், சுவிட்ச் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். பிறகு சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த செம்பு முனைகளுக்கு. நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். பதினொன்று வைத்துவிட்டு நகர்ந்தாள். எனக்கு எண்ணுகிற பழக்கம்.

"மேல ஒண்ணு விட்டுப்போச்சு பாரு."

ஸ்டூலில் ஏறி அதற்கும் வைத்தாள், ஈரம் வழிய வழிய. எனக்கு அப்போது எதுவுமே தோன்றவில்லை.

மறுநாள் விடியும்போதே மழை. மச்சான் நனைந்துகொண்டே வந்து, கசிவு பார்க்கிற மெக்கர் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினார். கசிவில்லையென்றால் முள் ஏற வேண்டும்; அது பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. அடுத்த துண்டும் அப்படியே. குனிந்து ஒரு முனையிலிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு சாண் இருந்தா நனைஞ்சத வெட்டிப் போட்டுட்டு வேலைய முடிச்சிருப்பேன் மாப்ள."

புளோ லாம்ப்பைப் பற்றவைத்து, ஈரம் போவதற்காக முனை முனையாகச் சூடாக்கினார். ஒன்பதே காலுக்கு நல்ல நேரம் தொடங்கியது. பெண்கள் தாய்மாரோடு குடைபிடித்து வாசலில் நின்றார்கள். ஜன்னலில்லாத ஷெட், வெளியே மழை மூட்டம்; உள்ளே அந்த நீலச் சுடர்தான் வெளிச்சம்.

"என்னக்கா, செவுத்துல நெருப்பக் காட்டிக்கிட்டிருக்காங்க? ஏற்கெனவே பொறி பறந்துச்சாமே" என்றாள் ஒரு தாய்.

வீட்டுக் கூடத்தில் மெஷினைப் போட்டுத் தொடங்கலாம் என்றேன். யார் காதிலும் விழவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தையல் பள்ளியிலும் அன்றுதான் சேர்க்கை. நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று ஒருத்தி நகர்ந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். நான் ஷட்டருக்குக் கீழே கையைத் தொங்கப் போட்டு நின்றேன்.

"மழை ஈரம் எறங்கிடுச்சும்மா" என்று மச்சான் தங்கையிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

அவள் காலியான வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு முனை விடாம பொட்டு வச்சமேண்ணே. சாமிகூட பாக்கலியே."

மழையில்லை, சந்தனம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று நாள் சூடாக்கிய பிறகு முள் ஏறியது, விளக்கு எரிந்தது. அந்தக் கேபிளை எலி தொட்டதே இல்லை. தை மாதம் நெல் மூட்டைகள் மறுபடி ஷெட்டுக்குள் போயின. அந்த விஜயதசமிக்கான டைரிப் பக்கத்தில் 'காலையிலிருந்து மழை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.