கேள்வியோடு வரும் கிண்ணம்

மீன் குழம்பை அரிசி நூடுல்ஸ்மேல் ஊற்றி, அவித்த முட்டையைப் பிளந்து வைத்த பிறகும் கிண்ணத்தை விடாமல் பிடித்திருப்பாள் சபே அக்கா. "நிரந்தரக் குடியிருப்பு அட்டை வாங்கி மூணு வருசம் ஆச்சுல்ல? உள்ளூர்த் தேர்தல்ல உனக்கு ஓட்டு இருக்கு. போடுவியா?" பதில் வந்தால்தான் கிண்ணம் கைமாறும்.

கொரியாவின் பூப்யொங்கில் பர்மாக்காரர்களான எங்களுக்கு இருக்கும் சாப்பாட்டுக் கடை அது. நான் பாத்திரம் கழுவுகிறேன். பேச்செல்லாம் அவளுடையது.

"முதல்ல குழம்புக்கு உப்புப் போடு அக்கா" என்பான் வெல்டர் சோ நைங்.

"உப்பு இல்லேன்னா வாயில வைக்கமாட்டே. சிக்னல் இல்லேன்னா உயிரே போகும்டா."

தொழிற்சாலைச் சந்திப்பில் சாலையைக் கடக்க சிக்னல் கிடையாது. அவள் கணவன் அங்கே லாரியில் அடிபட்டு, இன்றும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறான். ஆனால் அவளுடைய அகதி மனு முடிவாகவில்லை; அவளுக்கு ஓட்டு இல்லை. அதனால்தான் அடுத்தவர் ஓட்டைத் துரத்துகிறாள்.

தேர்தலுக்கு முன் ஒரு ஞாயிறு, வேட்பாளர் ஒருவரைக் கடைக்கே வரவழைத்துவிட்டாள். பச்சை மேல்சட்டை போட்டவர். வாசலிலேயே இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார். சிக்னல் கதையை இவள் சொல்லி முடித்ததும், இங்கே எத்தனை பேருக்கு ஓட்டு உண்டு என்று கேட்டார்.

"எனக்கு இல்லைங்க. இவங்கள்ல மூணு பேருக்கு இருக்கு. கையத் தூக்குங்கப்பா."

சோ நைங், அவன் மனைவி, நான். ஒரு கையும் எழவில்லை. பெயர் கொடுத்தவர் வீட்டுக்குப் பட்டாளம் வந்த ஊர் எங்களுடையது. வேட்பாளர் சிரித்தபடி அக்காவைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அந்தப் படம் அவருடைய விளம்பரத் தாளில் வந்தது. சிக்னலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

"அவர் பல்லு படத்துல நல்லா வந்திருக்கு" என்று அதை மடித்துக் கால் ஆடும் மேசைக்கு முட்டுக் கொடுத்தாள்.

தேர்தல் நாள் விடுமுறை. வேலைக்கு வந்தால் இரட்டைச் சம்பளம் என்றது தொழிற்சாலை; சோ நைங்கும் மனைவியும் அங்கே போய்விட்டார்கள். நான் ஓட்டுச் சீட்டில் குத்தும் முத்திரையைப் புறங்கையிலும் குத்திக்கொண்டு, அந்தச் சிவப்பு வட்டத்தோடு கடைக்கு வந்தேன்.

"நீ மட்டுந்தானா?"

தலையாட்டினேன். என் கையைப் பிடித்து, அந்த வட்டத்தின்மேல் தன் புறங்கையை வைத்து அழுத்தினாள். மை காய்ந்திருந்தது, ஒன்றும் ஒட்டவில்லை. அகப்பையை எடுத்தாள். அடுத்து வந்தவனிடம், ஒன்றும் கேட்காமலே கிண்ணத்தை நீட்டினாள்.