பக்கத்து வீட்டுக்காரரும் பட்டினிப் பாம்பும்

லண்டன் இல்ஃபோர்டில் என் பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒல்லியான, உயரமான மனிதர். யார் வந்தாலும் சாப்பிட வைக்காமல் அனுப்பமாட்டார். நாம் மெல்லும்போது அவர் வாயும் கூடவே அசையும்.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு மாலை நான் போனபோது, கதவை ஓசையின்றித் திறந்தார். பல்கலைக்கழகம் போன மகள், தான் வளர்த்த சிறிய மலைப்பாம்பை அவரிடம் விட்டுப்போயிருந்தாள். அன்று முதல் அது எதையும் தொடவில்லை. முதுகெலும்பு துருத்தத் தொடங்கியிருந்தது. இப்போது அவள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

"நல்லாச் சாப்பிடுது எண்டு போனிலை சொல்லிப்போட்டன், அண்ணை," என்றார்.

"நீர் என்ன செய்தனீர்?"

"எலியை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு நாள்முழுக்கக் கெஞ்சினன். மிருக டொக்டர் ஏசிப்போட்டார். வைச்சிட்டு வெளியாலை போ, எட்டிப் பாக்காதை எண்டார்."

உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி உள்ளே வைத்து, அறையைச் சாத்தியிருந்தார். குசினியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அவர் கண் அந்தக் கதவில் இருந்தது. கை என் தட்டில் வடையை வைத்தது.

"இனி ஏலாது," என்றேன்.

"சும்மா சாப்பிடுங்கோ."

எழுந்து கதவுவரை போய், கைப்பிடியைத் தொடாமல் திரும்பினார். இன்னொரு வடை விழுந்தது.

வாசல் மணி அடித்தது. மகள் வந்ததும் நேரே அந்த அறைக்குள் போனாள். அவர் மேசையைப் பிடித்தபடி நின்றார்.

"அப்பா, எலியின்ரை வால் மட்டும்தான் பாம்பின்ரை வாய்க்கு வெளியிலை தெரியுது!"

மகள் வந்து உட்கார்ந்ததும் தட்டை அவள் முன் வைத்தார். வழக்கம்போல் வற்புறுத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கண்ணாடியில் பார்த்தேன்: அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.