எங்கள் பஞ்சுவுக்கு முடி வழித்தாயிற்று

எங்கள் முயல் பஞ்சு நேற்றிலிருந்து தீனியே தொடவில்லை. வயிற்று முடி சிக்குப் பிடித்து, அடியில் தோல் புண்ணாகிவிட்டது. சிக்கெடுக்க என் மனைவி தேங்காயெண்ணெய் தடவியிருந்தாள்.

இன்று தாம்பரத்தில் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிப்போனேன்.

"எண்ணெய் ஏன் சார் வெச்சீங்க? தாளிக்கவா?" என்றார்.

மெஷினால் முடியை வழித்து, புண்ணுக்கு மருந்து போட்டு அனுப்பினார்.

வீட்டில் மனைவி நம்பவில்லை. "இன்னாயா, வேற முயல மாத்திக் குட்த்துகிறாங்க. பாக்காமயா தூக்கினு வந்த?"

"வாங்கியாந்த அன்னிக்கே ஒரு நகம் மட்டும் கறுப்புன்னு சொன்னேன்ல? பாரு."

அவள் குனிந்து பார்ப்பதற்குள், ரசத்துக்கு வைத்திருந்த கொத்தமல்லிக் கட்டைப் பஞ்சு இழுத்துத் தின்னத் தொடங்கியது. காம்புகூட மிச்சமில்லை.

கொத்தமல்லி போடாத ரசம் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று நீங்கள் யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?